சேவல் இறகும் பட்டு நூலும்

ஐப்பசி அடைமழை சற்றே ஓய்ந்த ஒரு மாலைவேளை. குடமுருட்டி ஆற்றங்கரைப் புற்றுகளிலிருந்து ஈசல்கள் புகைபோல் எழுந்தன. சிறகு தளர்ந்து நீரில் வீழ்ந்தவற்றைக் கவ்வ மீன்கள் மேலே வந்தமையால், ஆற்றின் பரப்பெங்கும் சிறு சிறு வட்டங்கள் தோன்றி மறைந்தன. நமதருகே மூங்கில் தூண்டிலுடன் அமர்ந்திருந்த சிறுவனின் தக்கை மட்டும் அசையவேயில்லை. “சாமி, இவ்வளவு மீன் துள்ளுது; என் முள்ளை ஒண்ணுகூடத் தொட மாட்டேங்குதே!” என்று அவன் சலித்துக்கொண்டான்.

மீன்களுக்குப் பசி இல்லாமல் இல்லை. அவை நாடிய உணவு நீரின் மேலே மிதந்தது; அவன் கோத்த மண்புழுவோ அடியில் கிடந்தது. அப்படியானால் ஓர் ஈசலையே முள்ளில் கோத்தால் என்ன? கோத்துப் பார்த்தோம். விரல் பட்டவுடனே சிறகு உதிர்ந்தது. முள் பட்டவுடனே உடல் பிளந்தது. அன்று அந்தச் சிறுவன் வெறுங்கையுடன் வீடு திரும்பினான்.

பழைய விடை

இதே இடரை ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்னரே மாசிதோனியா நாட்டினர் சந்தித்தனர் என்பதை ரோமாபுரியைச் சேர்ந்த ஏலியன் என்ற ஆசிரியர் எழுதி வைத்துள்ளார். அந்நாட்டு ஆறு ஒன்றிலிருந்த புள்ளி மீன்கள் ஒருவகைப் பூச்சியை விரும்பி உண்டன. மனிதர் கை பட்டால் அப்பூச்சியின் நிறம் கெட்டுச் சிறகு வாடிவிடும். ஆகவே அவர்கள் முள்ளின்மேல் சிவந்த கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் மெழுகு நிற இறகுகள் இரண்டை அதில் கட்டி, பொய்ப்பூச்சி செய்து மீன் பிடித்தனராம்.

1496-இல் இங்கிலாந்தில் அச்சேறிய தூண்டில் நூல் ஒன்று பன்னிரண்டு வகைப் பொய்ப்பூச்சிகளை விவரிக்கிறது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னியர் மடத் தலைவி அதை இயற்றியதாக மரபு கூறும். ஒரே வேளையில் அளவுக்கு மீறி மீன் பிடிக்கலாகாது என்ற அறிவுரையும் அந்நூலில் உண்டு.

தமிழ்நாட்டுக்கும் இக்கலை புதிதன்று. சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் இந்திய நீர்நிலைகளில் தூண்டிலிடுவதைப் பற்றி 1873-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். நீலகிரியின் அவலாஞ்சியில் வில்சன் என்பார் 1907-இல் டிரவுட் மீன் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பின்னர், மலையோடைகளில் இறகுப் பூச்சியால் மீன் பிடிக்கும் வழக்கம் வேரூன்றியது. ஆனால், “இது மலைநாட்டுச் சீமான்களின் பொழுதுபோக்கு, நம் வாய்க்காலுக்கு ஒவ்வாது” என்று எண்ண வேண்டியதில்லை. ஜப்பானிய மலைவாழ் மக்கள் நெடுங்காலமாக உருளை எதுவுமின்றி, கழியின் நுனியில் நூலைக் கட்டி, அதன் முனையில் இறகுப் பூச்சியைப் பிணைத்தே மீன் பிடித்து வந்துள்ளனர். நம் சிறுவர்கள் வைத்திருக்கும் மூங்கில் தூண்டிலும் அதே அமைப்புடையதன்றோ?

நம் வீட்டுப் பொருள்கள்

வேண்டிய பொருள்கள் யாவும் நம் மண்ணிலேயே கிடைக்கின்றன. வீட்டுச் சேவல் உதிர்த்த கழுத்து இறகு ஒன்று. திருபுவனத்துத் தறியில் எஞ்சும் பட்டு நூல் ஒரு முழம். பழஞ்சேலையிலிருந்து பிரித்தெடுத்த சரிகை இழை. எரிந்து முடிந்த மெழுகுவர்த்தியின் ஒரு துண்டு. கெண்டை பிடிக்கும் சிறிய முள். தூண்டில் முள்ளுக்கு எண்கள் உண்டு. எண் கூடக் கூட முள் சிறுக்கும். பன்னிரண்டாம் எண் முள் ஈசலின் அளவுக்குப் பொருந்தும்.

முதலில் முள்ளின் வளைவை, பட்டறைகளில் ‘வைஸ்’ எனப்படும் சிறு கிடுக்கியில் இறுக்குக. மெழுகு தடவிய பழுப்பு நிறப் பட்டு நூலை முள்ளின் கண்ணுக்குச் சற்றுப் பின்னே தொடங்கி, நெருக்கமாக வளைவு வரை சுற்றுக. அங்கே சரிகையின் நுனியை வைத்துக் கட்டி, நூலை மீண்டும் முன்னோக்கிச் சுற்றினால் பூச்சியின் உடல் உருவாகும். அதன்மேல் சரிகையை இடைவெளி விட்டுச் சுற்றுக. வயிற்று வரிகள் அமைந்துவிடும். பின்னர் இறகின் அடிக்காம்பைக் கண்ணருகே கட்டி, நான்கு சுற்றுகள் சுற்றினால் இழைகள் கால்கள்போல் நாற்புறமும் விரிந்து நிற்கும். எஞ்சிய இறகை நறுக்கிவிட்டு, மூன்று முடிச்சிட்டு, ஒரு துளி வார்னிஷ் தொட்டு வைத்தால் வேலை முடிந்தது.

புதிதாகக் கட்டுவோர் அனைவரும் செய்யும் பிழை ஒன்றுண்டு. ஆர்வ மிகுதியால் கண்வரை இறகைத் திணித்துவிடுவர். பிறகு நரம்பைக் கோக்கத் துளை இராது. நாம் கட்டிய முதல் ஆறும் இவ்வாறே குப்பைக்குச் சென்றன.

சேவல் இறகு எதற்கு, பெட்டைக்கோழியின் இறகு ஆகாதா எனச் சிலர் வினவலாம். சேவலின் கழுத்திறகு விறைப்பானது. நீரின் மேற்பரப்பில் ஊன்றி நின்று பூச்சியை மிதக்கச் செய்யும். பெட்டையின் இறகு மென்மையானது. நனைந்து உள்ளே அமிழும். மேலே மேயும் மீனுக்குச் சேவல், நீருக்குள் மேயும் மீனுக்குப் பெட்டை என்று கொள்க. ஒரு காலத்தில் நம் மலைகளிலுள்ள சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் மெழுகுப் புள்ளி இறகுகள், சால்மன் மீனுக்கான பொய்ப்பூச்சிகள் கட்டுவதற்காகக் கப்பல் கப்பலாக வெளிநாடு சென்றன. இன்று 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்பறவையைக் காக்கிறது. வீட்டுச் சேவல் இருக்க, அதை நாடுவானேன்?

நெட்டித் தவளை

விரால் பிடிக்க வேறொரு வடிவம் வேண்டும். தஞ்சைக் கைவினைஞர்கள் பெரிய கோயிலின் உருவையே செதுக்கும் நெட்டிக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த நெட்டியில் விரல் பருமன் துண்டெடுத்து, தவளையாகச் சீவி, முள்ளைப் பதித்து, நீர் ஊறாதபடி வார்னிஷ் பூசி, பின்னங்கால்களாக ஆட்டு மயிரைக் கட்டிவிட்டால் அது நீரின்மேல் தத்தித் தத்தி வரும். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீனாதலால் அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். ஆகாயத் தாமரையின் ஓரத்தில் அது மூச்செடுக்கும் இடம் பார்த்துத் தவளையை வீசுவது முறை.

இங்கே நமது குற்றம் ஒன்றையும் ஒளிக்காமல் கூறிவிடுகிறோம். ஒருநாள் குளமொன்றில் நீர் செந்நிறமாகச் சலசலப்பதைக் கண்டு, அதன் நடுவே நமது நெட்டித் தவளையை வீசினோம். மறுகணமே பெரிய விரால் ஒன்று பாய்ந்து கவ்வியது. பெருமிதத்துடன் அதைக் கரையேற்றி அடித்துக் கொன்றோம். அந்தச் சிறுவனும் உடனிருந்தான். புல்லுக்கட்டுடன் வரப்பில் வந்த முதியவர் ஒருவர் சற்று நின்று பார்த்தார். “சாமி, அது பசிக்குக் கடிக்கலிங்க. குஞ்சைக் காக்கக் கடிச்சுது” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

செந்நிறமாகச் சலசலத்தவை விரால் குஞ்சுகள். தாயும் தந்தையும் அவற்றைக் கூட்டமாகக் காத்துத் திரியும். நெருங்குவது எதுவாயினும் மோதி விரட்டும். நாம் எறிந்த தவளையையும் அவ்வாறே விரட்ட வந்தது அந்த மீன். மறுநாள் காலையில் அவ்விடம் சென்று பார்த்தோம். செந்நிறக் கூட்டத்தைக் காணவில்லை. நீர்க்காகம் ஒன்று கரையில் சிறகு உலர்த்திக்கொண்டிருந்தது. சமையற்காரர் ஆக்கி வைத்த குழம்பு தொடப்படாமலே கிடந்தது.

தவளையைப்போலவே ஒரு தவளை செய்யத் தெரிந்த நமக்கு, நீரைப் பார்க்கத் தெரியவில்லை. அன்றுமுதல் நாமும் அந்தச் சிறுவனும் இரு விதிகளை மேற்கொண்டோம். குஞ்சுகள் செறிந்த இடத்தில் தூண்டில் இடுவதில்லை. முள்ளின் நுனியிலுள்ள எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடுவோம். வேண்டாத மீனைக் காயம் பெரிதாகாமல் திரும்ப விட அது உதவும்.

தேவைக்கு ஒரு மீன்

தை பிறந்து ஆற்றில் நீர் வற்றியபோது, எஞ்சிய மீன்கள் மடுவில் ஒதுங்கின. ஒரு நண்பகலில் அச்சிறுவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். “சாமி, மடுவுல பூச்சிமருந்து ஊத்துறாங்க!” ஊர்ப் பெரியவர்கள் சிலருடன் நாம் விரைந்து சென்றபோது பாதி மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. கைவிரல் நீளமுள்ள விரால் குஞ்சுகளும் அவற்றுள் இருந்தன. மருந்து ஊற்றியவர்கள் கூடையில் அள்ளியதைவிட வீணாய் விட்டது மிகுதி. நஞ்சிட்டும் வெடி வைத்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமென விதித்திருக்கிறது. ஆயினும் சட்டத்தை அறியாத அந்தச் சிறுவனை ஓடிவரச் செய்தது எது? அவன் அந்த மீன்களைப் பல மாதம் உற்று நோக்கியிருந்தான் என்பதே.

நற்செய்தி ஏடுகளில் தூண்டிலைப் பற்றிய பேச்சு ஒரே ஒரு முறை வருகிறது. கோவில் வரி செலுத்த வேண்டிய வேளையில், கடலில் தூண்டில் போட்டு முதலில் அகப்படும் மீனை எடுக்குமாறு பேதுரு பணிக்கப்பட்டார். தேவை ஒன்று, மீனும் ஒன்று.

பெற்றோரே, வரும் விடுமுறையில் ஒரு மாலையைப் பிள்ளைகளுக்கென ஒதுக்குங்கள். முதலில் தூண்டிலின்றி ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று, நீரில் விழுவது ஈசலா, வெட்டுக்கிளியா என்று அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். பின்னர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, கண்டதை இறகிலும் நூலிலும் கட்டச் சொல்லுங்கள். முதற்பூச்சி கோணலாகத்தான் வரும். கவலை வேண்டாம், கெண்டை அதைப் பொருட்படுத்துவதில்லை.

அந்தச் சிறுவன் அடுத்த ஐப்பசியில் தானே கட்டிய ஈசலால் மூன்று கெண்டைகள் பிடித்தான். இரண்டை ஆற்றில் விட்டுவிட்டு, ஒன்றைத் தன் பாட்டிக்கென்று தாமரை இலையில் பொதிந்துகொண்டு வீடு சென்றான்.