இரண்டு கமாவும் 35 பேரும்



போன பருவத்தில் எங்கள் வகுப்புக் கரும்பலகையில் நான் எழுதிய அறிவிப்பை மறந்திருக்க மாட்டீர்கள். மறக்க விடுகிறார்களா என்ன! இயற்பியல் ரெக்கார்டு நோட்டு கொண்டுவராதவர்கள் சாயங்காலம் இருந்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், அதை ஆங்கிலத்தில் எழுதிப் போடு என்றார் சார். நானும் அழகாகக் கமா எல்லாம் வைத்து எழுதினேன். (இது தமிழ்ச் சுவர். அதனால் ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்தால் விளங்கிவிடும்.)

"தி ஸ்டூடண்ட்ஸ், ஹூ டிட் நாட் பிரிங் தேர் ரெக்கார்ட்ஸ், ஷுட் ஸ்டே பேக்."

நோட்டு கொண்டுவராதவர்கள் 7 பேர். வகுப்பில் இருந்தது 42 பேர். அடுத்த பீரியடுக்கு வந்த ஆங்கில மிஸ் பலகையைப் படித்துவிட்டு, "ஏம்ப்பா, 42 பேருமே கொண்டுவரலையா?" என்றார். "இல்ல மிஸ், 7 பேர்தான்" என்றேன். "நீ எழுதினதுக்கு எல்லாரும்னுதான் அர்த்தம்" என்றார். ஒழுங்காக நோட்டு கொண்டுவந்த 35 பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மிஸ் டஸ்டரை எடுத்து இரண்டு கமாவை மட்டும் அழித்தார். அவ்வளவுதான், 35 பேருக்கும் விடுதலை.

எப்படி என்று கேட்கிறீர்களா? ஹூ, விச் என்று தொடங்கி ஒரு பெயரைப் பற்றிச் சொல்லும் பகுதியை ரிலேட்டிவ் கிளாஸ் என்கிறோம். கமா இல்லாமல் வந்தால் அது சல்லடை மாதிரி. மாணவர்களைச் சலித்து, நோட்டு இல்லாதவர்களை மட்டும் தனியே எடுக்கும். இரண்டு பக்கமும் கமா வந்தால் அது சலிக்காது. மாணவர்கள் யார் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது, அவர்களைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்கிறேன், அவ்வளவே. முதல் வகைக்கு டிஃபைனிங், இரண்டாவதற்கு நான்-டிஃபைனிங் என்று பெயர். பெயரை மனப்பாடம் செய்வதைவிட, அந்தப் பகுதியைக் கையால் மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். மிச்சம் இருப்பதை வைத்து யாரைச் சொல்கிறோம் என்று தெரிந்தால் கமா போடலாம். "எந்த ஸ்டூடண்ட்ஸ்?" என்று கேட்கத் தோன்றினால் போடக் கூடாது.

"மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் சென்னை இஸ் எ டாக்டர்" என்று கமா இல்லாமல் எழுதினால், படிக்கிறவர் உங்களுக்கு வேறு ஊரிலும் ஒரு அண்ணனோ தம்பியோ இருப்பதாக எடுத்துக்கொள்வார். ஒரே அண்ணன் என்றால் இரண்டு கமா வேண்டும். ஒரு கமாவைப் போட்டுவிட்டு இன்னொன்றை மறப்பது, அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூடாமல் போவதற்குச் சமம். நம்மில் பாதிப்பேர் செய்கிற தப்பு இதுதான் என்று நினைக்கிறேன்.

நமக்கு ஏன் இது இவ்வளவு குழப்புகிறது? தமிழில் இந்த வேலையைச் செய்வது பெயரெச்சம். அது பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வரும், நடுவே காற்புள்ளிக்கு இடமே இல்லை. "கசக்கும் பாகற்காய் எனக்கு வேண்டாம்" என்றால் எந்தப் பாகற்காயும் வேண்டாம். "கசக்கும் வெள்ளரிக்காய் எனக்கு வேண்டாம்" என்றால் கசக்கிறது மட்டும் வேண்டாம், மற்றதைக் கொடு. வாக்கிய அமைப்பு ஒன்றுதான். காயைப் பற்றி நமக்குத் தெரிந்திருப்பதால் வித்தியாசம் புரிகிறது. ஆங்கிலத்தில் பேசும்போது சிறு நிறுத்தமும் குரலின் ஏற்ற இறக்கமும் அதைக் காட்டிவிடும். எழுத்தில் குரல் ஏது? கமாதான் குரல்.

காந்திஜி ஒருவர்தான். ஆகவே "காந்திஜி, ஹூ வாஸ் பார்ன் இன் 1869," என்று கமாவோடுதான் எழுத வேண்டும். ஆனால் 1893-இல் தென்னாப்பிரிக்காவுக்குப் போன காந்தி வேறு, 1915-இல் திரும்பி வந்த காந்தி வேறு என்று சொல்ல நினைத்தால், "தி காந்தி ஹூ ரிட்டர்ன்ட் இன் 1915" என்று கமா இல்லாமல் எழுதலாம். ஒரே மனிதரை இரண்டாகப் பிரித்துக் காட்டிவிடுகிறது பாருங்கள்! எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது.

கமா போட்ட இடத்தில் 'தட்' வராது, ஹூ அல்லது விச்தான் வரும். கமா இல்லாத இடத்தில் விச்சுக்குப் பதில் தட் எழுதினால் குழப்பம் குறையும் என்று ஃபௌலர் என்ற ஆங்கில இலக்கண அறிஞர் 1926-இல் வந்த தன் நூலில் யோசனை சொன்னார். அமெரிக்காவில் பலர் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். இங்கிலாந்தில் இரண்டையும் எழுதுகிறார்கள். எனவே அங்கே விச் வந்தால் கமாவைப் பார்த்துத்தான் அர்த்தம் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் ஒரு மார்க் விஷயம்தானே என்று நினைக்காதீர்கள். 1916-இல் லண்டனில் ரோஜர் கேஸ்மென்ட் என்ற அயர்லாந்து விடுதலைப் போராளியின் உயிரே இப்படி ஒரு கேள்வியில் வந்து நின்றது. அவர்மேல் தேசத்துரோக வழக்கு. சட்டம் 1351-இல் பழைய பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது. நாட்டுக்குள் மன்னரின் எதிரிகளோடு சேர்வது, அவர்களுக்கு நாட்டுக்குள் உதவி செய்வது என்று சொல்லிவிட்டு, "அல்லது வேறெங்கும்" என்று முடிகிறது. நடுவில் உள்ள உதவி பற்றிய தொடர் இரு பக்கமும் நிறுத்தக்குறியிட்ட வெறும் செருகல் என்றால், வெளிநாட்டில் எதிரியோடு சேர்ந்தவனும் துரோகி. செருகல் இல்லை என்றால் தப்பலாம், ஏனென்றால் கேஸ்மென்ட் சேர்ந்தது ஜெர்மனியில். இது ஹூ, விச் வாக்கியம் இல்லைதான். ஆனால் செருகலா, இல்லையா என்ற கேள்வி அதேதான். நீதிபதிகள் மூலச் சுருளையே போய்ப் பார்த்தார்கள், பழைய சட்ட நூல்களையும் புரட்டினார்கள். தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. 1916 ஆகஸ்ட் 3-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள்.

கடைசியாக, மிஸ் எங்களுக்குக் கொடுத்த கணக்கு. இரண்டு வீட்டில் ஆளுக்கு ஒரு கூடை மாம்பழம் வாங்கினார்கள்.

முதல் வீடு: "வி த்ரூ அவே தி மேங்கோஸ், விச் வேர் ராட்டன்."

இரண்டாம் வீடு: "வி த்ரூ அவே தி மேங்கோஸ் விச் வேர் ராட்டன்."

எந்த வீட்டுக்குப் போனால் உங்களுக்கு ஒரு பழமாவது கிடைக்கும்? விடையை இந்தத் தாளின் கீழே பென்சிலால் எழுதுங்கள், பெயரோடு.