உங்களுக்குத் தெரியுமா? நீல விளக்குக் கடை

அமெரிக்காவின் கேமார்ட், வால்மார்ட், டார்கெட் ஆகிய மூன்று தள்ளுபடிக் கடைகளும் 1962 என்ற ஒரே ஆண்டில் பிறந்தவை. முதலில் முந்தியது கேமார்ட்தான். கடைக்குள் திடீரென ஒரு நீல விளக்கு சுழலும், ஒலிபெருக்கி அலறும். அடுத்த சில நிமிடங்களுக்கு அந்த இடத்துச் சரக்கெல்லாம் அடிமாட்டு விலை! தள்ளுவண்டியோடு கூட்டம் ஓடும். உச்சத்தில் 2,000-க்கும் மேற்பட்ட கடைகள்.

ஆனால், எந்தக் கடையில் எந்தச் சரக்கு தீர்கிறது என்று கணினி வழியே கண்காணிப்பதில் வால்மார்ட் வெகுதூரம் முன்னேறிவிட்டது. விளம்பரம் பார்த்து கேமார்ட்டுக்கு வந்தவர்களை வரவேற்றது காலி அலமாரி. 2002-இல் திவால் மனு. 2005-இல் சியர்ஸ் என்ற இன்னொரு கடைத்தொடருடன் இணைப்பு. நலிந்த இரண்டைச் சேர்த்துக் கட்டியது பெரும் பிழை. கடைகளைப் புதுப்பிக்கப் போதிய பணமும் போடவில்லை. அமெரிக்கப் பெருநிலத்தில் எஞ்சியிருந்த கேமார்ட்டின் கடைசி முழு அளவுக் கடை, நியூயார்க் மாநிலத்தின் பிரிட்ஜ்ஹாம்ப்டனில் 2024 அக்டோபரில் மூடப்பட்டது.