பைண்டிங்கில் தொலைந்த அட்டைகள்

1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' வாராவாரம் வந்தபோது, பக்கங்களைப் பிரித்தெடுத்து பைண்டு செய்துவைக்காத வாசகர் வீடு அபூர்வம். கதையும் மணியத்தின் சித்திரங்களும் அப்படித்தான் பிழைத்தன. அட்டைகள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. மாலியும் கோபுலுவும் 'ஆனந்த விகட'னுக்கு வரைந்த அட்டைப்பட நகைச்சுவைகளுக்கும் பல வீடுகளில் அதே கதிதான். தொடர்கதை பைண்டு எளிதில் கிடைக்கும். அதன் அட்டை கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.

கிடைத்த அட்டையை ஒரு பூதக்கண்ணாடியின் அடியில் வைத்துப் பாருங்கள். மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்புப் புள்ளிகளாகப் படம் பிரியும். அச்சு பிளாக் இம்மி விலகிய இடத்தில் சிவப்பு உதட்டைத் தாண்டி நிற்கும். முதுகுப்பக்கம் ஸ்டேப்பிள் பின் துருவேறிக் காகிதத்தைத் தின்றிருக்கும்.

இந்த அட்டைகளைக் கொடைக்கானல் போன்ற ஊரில் சுவரில் மாட்டுவது பெரும் சோதனை. ஏழாயிரம் அடி உயரம். மூடுபனி ஜன்னல் வழியே வீட்டுக்குள் வரும், சுவரில் ஓதம் ஏறும். ஃபிரேமுக்குள் பூஞ்சணம் பூக்கும், ராமபாணப் பூச்சி ஓரத்தை அரிக்கும். பனி விலகினாலும் நிம்மதியில்லை. உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிரும் கூடுவதால் சாயம் விரைவில் வெளுக்கும்.

ஆனாலும் மலை காகிதத்துக்கு ஆகாது என்று கைவிட வேண்டியதில்லை. இதே ஊரின் சூரிய ஆய்வகம் 1904 முதல் எடுத்த சூரியப் படங்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து, இன்று டிஜிட்டலாக்கியும் வைத்திருக்கிறது. வேண்டியது ஒழுங்கான கவனிப்பு மட்டுமே.

என் கட்சி இது: சுவருக்கு நல்ல நகல் போதும், அசல் பெட்டியில் இருக்கட்டும். அசலையே மாட்டித்தான் ஆகவேண்டும் என்றால் வெயில் படாத உள்சுவரில், கண்ணாடி காகிதத்தைத் தொடாதபடி, பின்னால் அமிலமில்லா அட்டை வைத்து மாட்டுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை இறக்கி வேறொன்றை ஏற்றுங்கள். லேமினேஷனும் செலோடேப்பும் கூடவே கூடாது. பிறகு பிரித்தெடுக்கவே முடியாது.

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ஓவியர் ரோஜா முத்தையா, நாடக நோட்டீசு முதல் வார இதழ் வரை எதையும் குப்பை என்று தள்ளாமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதுவே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக வளர்ந்தது. அவருக்கு இருந்த அந்தக் கண் நம் பரண்களுக்கு இப்போது தேவை. தாத்தாவின் பைண்டு புத்தகங்களை எடைக்குப் போடுமுன் ஒவ்வொன்றையும் புரட்டிப் பாருங்கள். நடுவே அட்டை ஏதும் தப்பியிருந்தால், பென்சிலால் பின்பக்க ஓரத்தில் இதழின் பெயரையும் தேதியையும் குறித்துவையுங்கள்.