பல் வேர் டென்டினின் சிதைவு: கனிமக் கரைவும் கொலாஜன் இழப்பும்

பற்சொத்தை என்பது அமிலத்தால் கனிமம் கரைவதே என்னும் விளக்கம் பற்சிப்பிக்குப் பெரிதும் பொருந்தும். வேர்ப்பகுதி டென்டினுக்கு அது பாதி விளக்கமே. பற்சிப்பியின் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். டென்டினில் அது சுமார் 70 விழுக்காடு. எஞ்சியதில் பெரும்பகுதி கொலாஜன் இழைகளும் நீருமாகும்.

ஈறு பின்வாங்கும்போது வேரை மூடியுள்ள மெல்லிய சிமெண்டம் எளிதில் தேய்ந்து, டென்டின் வெளிப்படுகிறது. அதன் அபடைட் படிகங்கள் மிகச் சிறியவை, கார்பனேட் மிகுந்தவை. ஆதலால் பற்சிப்பி 5.5 என்னும் பிஎச் அளவை ஒட்டிக் கரையத் தொடங்க, வேர் டென்டின் 6.2 முதல் 6.7 வரையிலான அளவிலேயே கரைகிறது. பிஎச் மடக்கை அளவீடு என்பதால் இவ்வேறுபாடு சிறியதன்று.

கனிமம் சூழ்ந்திருக்கும்வரை கொலாஜனை நொதிகள் எளிதில் அணுக இயலாது. அமிலம் அவ்வரணை நீக்குகிறது; ஆயினும் அமிலம் மட்டுமே இழைகளை முற்றாகச் சிதைப்பதில்லை. அச்செயலைப் பாக்டீரிய நொதிகளே செய்வதாக நெடுங்காலம் கருதப்பட்டது. பல் உருவாகும்போதே டென்டினில் தங்கிவிட்ட மேட்ரிக்ஸ் மெட்டல்லோபுரோட்டினேஸ், கத்தெப்சின் ஆகிய நொதிகளுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு என்பது பின்னர் தெளிவாயிற்று. உமிழ்நீரிலும் இவை உள்ளன. மெட்டல்லோபுரோட்டினேஸ்கள் அமிலச் சூழலில் தூண்டப்பட்டு, நடுநிலை திரும்பும்போது நன்கு செயல்படுகின்றன. பல்லைக் காப்பதாகவே அறியப்படும் உமிழ்நீரின் நடுநிலையாக்கம், இவ்விடத்தில் சிதைவின் அடுத்த கட்டத்துக்கும் வழிவிடுகிறது என்பது கருதத்தக்கது.

குளிர்பானங்களாலும் மேலெழும் இரைப்பை அமிலத்தாலும் நிகழும் அரிப்பில் பாக்டீரியாக்களுக்குப் பங்கில்லை. அங்கு மேற்பரப்பில் கனிமம் நீங்கியபின் கொலாஜன் படலம் எஞ்சி, அமிலம் உட்புகுவதையும் கரைந்த அயனிகள் வெளியேறுவதையும் தாமதப்படுத்துகிறது. பிடுங்கிய பற்களை அமிலத்தில் மட்டும் அமிழ்த்தும் ஆய்வுகளில் இப்படலம் சிதையாமல் நிற்பதால் அரிப்பின் வேகம் குறைகிறது. வாயிலோ நொதிகளும் தூரிகையின் உராய்வும் அதனைத் தாக்குகின்றன. எனவே நொதி சேர்க்காத ஆய்வின் அளவுகளை வாய்ச்சூழலுக்கு அப்படியே பொருத்துவது பிழையாகும். மேற்பரப்பின் உயர இழப்பை மட்டும் அளக்கும் கருவி, எஞ்சிய படலத்தையும் சிதையாத திசுவாகவே காட்டிவிடும்.

கொலாஜன் சட்டகம் நிலைத்திருக்கும் மென்மையுற்ற வேர், மீண்டும் கனிமமேற்று இறுகக்கூடும். 5,000 பிபிஎம் ஃபுளூரைடு கொண்ட பற்பசை இதற்கு உதவுகிறது. 38 விழுக்காடு வெள்ளி டயமைன் ஃபுளூரைடு கனிமமேற்றத்துக்குத் துணைபுரிவதோடு நொதிகளையும் தடுக்கிறது. ஆனால் சொத்தையுற்ற பகுதியை நிலையாகக் கருமையாக்குகிறது. சட்டகமே அழிந்த இடத்தில் படிகங்கள் முறையாகப் படியப் பற்றுக்கோடு இல்லை; அங்கு நிரப்புதலே எஞ்சும் வழி.