தூசி கிளப்பிய அலை

அபிராமபுரத்து மாடிவீடுகளில் இன்னும் மிச்சமிருக்கும் பழைய டியூப்லைட்டைப் போட்டால் உள்ளே ஒளிர்வது பிளாஸ்மா: எலக்ட்ரான்கள் பிரிந்து, அயனிகளோடு கலந்து அலையும் வாயு. விண்மீன்களும் அதுவே. அதில் தூசி விழுந்தால்?

எலக்ட்ரான் எடை குறைந்தது, வேகம் மிகுந்தது. அயனி மந்தம். அதனால் தூசியை முதலில் மொய்ப்பவை எலக்ட்ரான்கள்தான். ஆய்வுக்கூடத்தில் ஒரு மைக்ரான் அளவுத் துகளில் சில ஆயிரம் எலக்ட்ரான்கள் ஏறிவிடும். அதற்குமேல் வருபவற்றைத் துகளே விரட்டும், அயனிகளை இழுக்கும். இரு வரவும் சமமாகும்போது மின்னூட்டம் நிலைகொள்ளும். சூரிய ஒளி நேரே படும் விண்வெளியில் கதை தலைகீழாகலாம். புற ஊதாக் கதிர் எலக்ட்ரான்களைத் தட்டிவிட, துகள் நேர்மின்னாகிவிடும்.

1980-81இல் வாயேஜர் கலங்கள் சனியின் வளையத்தில் ஆரக்கால் போன்ற கோடுகளைப் படமெடுத்தன. ஈர்ப்பு விசையை மட்டும் வைத்து அவற்றை விளக்க முடியவில்லை. மின்னூட்டம் பெற்ற நுண்தூசி வளையத்துக்கு மேலே எழும்புகிறது என்ற எண்ணம் வலுத்தது. முழு விளக்கம் இன்றும் முடிந்தபாடில்லை.

அதுவரை அழுக்காகக் கருதப்பட்ட தூசி கோட்பாட்டாளர்களின் கையில் கதாநாயகன் ஆயிற்று. 1990இல் என்.என்.ராவ், ஜெர்மனியின் போஹும் நகரில் பணியாற்றிய இந்தியர் பத்மகாந்த் சுக்லா, எம்.ஒய்.யூ ஆகிய மூவரும் தாளில் ஓர் அலையைக் கண்டார்கள். எலக்ட்ரான்களும் அயனிகளும் தரும் அழுத்தம் தூசியைப் பிடித்துத் தள்ளும். தூசியோ கனம், அசைய நேரமாகும். ஆகவே ஒலியைப் போல நெருங்கியும் விலகியும் செல்லும் இந்த அலை ஆமை வேகத்தில்தான் நகர வேண்டும் என்றது கணக்கு.

1995இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அதைப் பார்த்தேவிட்டார்கள். வேகம் நொடிக்கு சுமார் 9 சென்டிமீட்டர்! பிளாஸ்மா அலைகளை வழக்கமாகக் கருவிகளால்தான் உணர முடியும். இதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். கோட்பாட்டுக்கு இதைவிட அழகான சான்று கிடைப்பது அபூர்வம் என்பேன்.

நிலவிலும் தூசி இப்படித்தான் மின்னூட்டம் பெறுகிறது. சந்திரயான்-2 சோதனைகளுக்கு நிலவு மண்ணைப் போன்ற பொடியைத் தந்தவை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகள். அதில் ரோவர் சக்கரத்தை ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் நிலவின் மின்சூழலை அறிய அங்கேயேதான் போகவேண்டும். 2023 ஆகஸ்ட் 23இல் சந்திரயான்-3 தரையிறங்கியது. தென்துருவப் பகுதியின் தரையை ஒட்டி, ஒரு கன மீட்டரில் 50 லட்சம் முதல் 3 கோடி எலக்ட்ரான்கள் இருப்பதாக அதன் ‘ரம்பா’ கருவியின் முதற்கட்ட அளவீடு சொன்னது.