புதிய ஊரில் பேறுகாலம்: இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

இந்தியாவில் பிறந்த ஊரிலேயே வாழ்நாளைக் கழிப்போர் தொகை குறைந்து வருகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, முன்பு வசித்த இடத்தை விட்டு வேறிடத்தில் குடியேறியவர்கள் சுமார் 45 கோடிப் பேர். இவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். அவர்கள் இடம் பெயர்வதற்குத் திருமணமே தலையாய காரணம். கணவனின் பணிமாற்றம், கட்டட வேலை, ஆலை வேலை, பருவகால விவசாய வேலை ஆகியவை பிற காரணங்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டச் செல்லும் குடும்பங்களும், மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து தென் மாநிலங்களின் செங்கற் சூளைகளுக்குச் செல்லும் குடும்பங்களும் ஆண்டில் பல மாதங்களை அந்நிய ஊரில் கழிக்கின்றன.

இப்பெண்களில் பெரும்பாலோர் பிள்ளைப்பேற்று வயதில் உள்ளவர்கள். சொந்த ஊரில் எந்த மருத்துவமனை நல்லது, எந்தச் செவிலியர் அக்கறையுடன் பார்ப்பார், இரவில் வண்டி எங்கே கிடைக்கும் என்பன போன்ற செய்திகள் கேட்காமலேயே தெரிந்துவிடும். புதிய ஊரில் இவை ஒவ்வொன்றையும் விசாரித்து அறிய வேண்டியுள்ளது. எனவே, பிரசவத்திற்கு உரிய இடத்தை எவ்வாறு தேர்வது என்பது குடும்பத்தின் கவலையாக மட்டுமின்றி, மக்கள் நல்வாழ்வு நிர்வாகத்தின் கவலையாகவும் இருத்தல் வேண்டும்.

கிடைத்துள்ள முன்னேற்றம்

மகப்பேற்று நலத்தில் நாடு கண்டுள்ள முன்னேற்றம் குறிப்பிடத்தக்கது. தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி, மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்த பிரசவங்கள் 2005-06இல் சுமார் 39 சதவிகிதமாக இருந்தன. 2015-16இல் 79 சதவிகிதமாகவும், 2019-21இல் 89 சதவிகிதமாகவும் உயர்ந்தன. ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2004-06இல் 254 ஆக இருந்த தாய்மார் இறப்பு 2018-20இல் 97 ஆகக் குறைந்தது.

ஆயினும் இவை சராசரிகளே. 2019-21ஆம் ஆண்டு ஆய்வில், கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்திருக்க, நாகாலாந்தில் பாதிக்கும் குறைவாகவே இருந்தன. ஒரே நகரத்தினுள்ளும், பல ஆண்டுகள் குடியிருப்போருக்கும் நேற்று வந்து சேர்ந்தோருக்கும் வசதிகள் ஒரேயளவில் எட்டுவதில்லை.

தாமதமே ஆபத்து

தாய்மார் இறப்பிற்கான காரணங்களை ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் ஆகிய இருவரும் 1994இல் வெளியிட்ட கட்டுரையில் மூன்று தாமதங்களைச் சுட்டிக்காட்டினர். சிகிச்சை தேவை என்று முடிவெடுப்பதில் நேரும் தாமதம் முதலாவது. மருத்துவமனையை அடைவதில் நேரும் தாமதம் இரண்டாவது. அடைந்த பின் தக்க சிகிச்சை பெறுவதில் நேரும் தாமதம் மூன்றாவது.

புதிய ஊரில் இருக்கும் பெண்ணுக்கு இம்மூன்றும் ஒருங்கே நேரக்கூடும். மூத்த பெண்கள் அருகில் இல்லாததால் அபாய அறிகுறிகள் உணரப்படாமல் போகலாம். வழி தெரியாததால் பயணம் நீளலாம். மொழி தெரியாததாலும் பழைய சிகிச்சைக் குறிப்புகள் கையில் இல்லாததாலும், மருத்துவமனை வாயிலை அடைந்த பிறகும் காலம் வீணாகலாம்.

பிரசவத்திற்குப் பிந்தைய பெரும் இரத்தப்போக்கு சிகிச்சையின்றி விடப்பட்டால் சராசரியாக இரண்டு மணி நேரத்திற்குள் உயிரைப் பறித்துவிடும் என்று வல்லுநர்கள் மதிப்பிட்டுள்ளனர். பிரசவத்திற்கு முந்தைய இரத்தப்போக்கிற்கு இந்த அவகாசம் சுமார் 12 மணி நேரம். முன்னதாக எந்த அறிகுறியும் காட்டாத பெண்ணுக்கும் பிரசவத்திற்குப் பின் இரத்தப்போக்கு ஏற்படக்கூடும். ஆதலால் “எல்லாம் இயல்பாகவே இருக்கிறது” என்பது இடத்தேர்வைத் தள்ளிப்போடுவதற்குக் காரணமாகாது.

நிலையங்களின் படிநிலை

அரசு மருத்துவ நிலையங்கள் படிநிலை அமைப்பு உடையவை. சமவெளிப் பகுதியில் 5,000 மக்களுக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 1,20,000 மக்களுக்கு ஒரு சமுதாய சுகாதார நிலையம் என்பது ஊரகத்திற்கான நெறி. மலைப்பகுதிகளிலும் பழங்குடிப் பகுதிகளிலும் இவ்வெண்ணிக்கை முறையே 3,000, 20,000, 80,000 ஆகும். நகரங்களில் சுமார் 50,000 மக்களுக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் என்பது நெறி. துணை நிலையங்களும் ஆரம்ப நிலையங்களும் பல மாநிலங்களில் இன்று ‘ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்’ என்ற பெயர்ப்பலகையுடன் விளங்குகின்றன. பெயர்மாற்றத்தை அறியாத புதியவர்கள் அவற்றைக் கடந்து சென்றுவிடக்கூடும்.

நிலையம் அருகில் இருப்பதாலேயே அங்குப் பிரசவம் பார்க்கப்படும் என்று கொள்ளலாகாது. சில துணை நிலையங்களில் பிரசவ அறையே இராது. சில ஆரம்ப நிலையங்கள் பகலில் மட்டும் இயங்கும். 24 மணி நேரமும் செவிலியர் பணியில் இருக்கும் நிலையத்தில் இயல்பான பிரசவம் பார்க்கலாம். அறுவைச் சிகிச்சை, இரத்தம் ஏற்றுதல், பச்சிளங்குழந்தைக்கான சிகிச்சை ஆகிய மூன்றையும் நாள் முழுவதும் அளிக்கவல்ல மருத்துவமனையே ‘முதல்நிலைப் பரிந்துரை நிலையம்’ எனப்படுகிறது. பெரும்பாலும் மாவட்ட மருத்துவமனைகளும், வட்ட அளவிலான மருத்துவமனைகளும், சில சமுதாய நிலையங்களும் இத்தகுதி உடையவை.

யாருக்கு எந்த இடம்?

உடல்நலமுள்ள பெண் வீட்டிற்கு அருகிலுள்ள 24 மணி நேர நிலையத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குச் செல்லும் வழியையும் நேரத்தையும் அறிந்து வைத்திருத்தல் அவசியம். பின்வரும் நிலையில் உள்ளோர் தொடக்கத்திலிருந்தே முதல்நிலைப் பரிந்துரை நிலையத்தையோ அதற்கு ஒப்பான மருத்துவமனையையோ நாடுவதே பொருத்தமாகும்: முன்பு அறுவைச் சிகிச்சை மூலம் பிள்ளை பெற்றவர்கள், முந்தைய பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு கண்டவர்கள், இரட்டைக் கரு உடையவர்கள், குழந்தை தலைகீழாக இன்றிக் குறுக்காகவோ இடுப்பு முன்னாகவோ அமைந்திருப்போர், இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய் உடையோர், இரத்தத்தில் ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் குறைவாக உள்ளோர். கருவுற்ற பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்று 2019-21ஆம் ஆண்டு ஆய்வு தெரிவிப்பதால், இரத்தப் பரிசோதனையை இடத்தேர்வின் முதற்படியாகக் கொள்ளலாம்.

நிலையத்தை ஒருமுறை நேரில் சென்று பார்த்தல் நலம். இரவில் பணியில் இருப்போர் யார்? சிக்கல் நேர்ந்தால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவர்? அங்கு இரத்தம் கிடைக்குமா? மூச்சுவிடத் திணறும் குழந்தைக்கு உடனடி உதவி உண்டா? இரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசிமருந்து குளிர்பெட்டியில் வைக்கப்பட்டுள்ளதா? இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை அளிக்கும் நிலையம், கட்டடம் எளியதாயினும், நம்பத்தக்கதாகும்.

தனியார் மருத்துவமனையை நாடுவோர் கட்டணத்தோடு வேறொன்றையும் விசாரித்தல் வேண்டும். 2019-21ஆம் ஆண்டு ஆய்வின்படி, தனியார் நிலையங்களில் நிகழ்ந்த பிரசவங்களில் சுமார் 47 சதவிகிதமும், அரசு நிலையங்களில் சுமார் 14 சதவிகிதமும் அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்தவை. தேவையான அறுவைச் சிகிச்சை உயிர் காக்கும். தேவையற்றது அடுத்த பிரசவத்திற்கும் சிக்கலை விட்டுச்செல்லும். ஆதலால் எந்தச் சூழ்நிலையில் அறுவை செய்யப்படும் என்பதை முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

தாய்வீடா, தற்போதைய ஊரா?

முதற் பேற்றுக்குப் பெண் தாய்வீடு செல்லும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் உள்ளது. பராமரிப்பும் மனத்துணிவும் கிடைப்பதால் இவ்வழக்கம் பயனுடையதே. ஆனால் தாய்வீட்டிற்கு அருகில் தகுந்த மருத்துவமனை உண்டா என்பதே முதலில் எழ வேண்டிய கேள்வி. மலையடிவாரச் சிற்றூரில் பாசம் மிக்க தாய் இருக்கலாம். இரவில் அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவர் 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கலாம்.

எங்கே பிரசவம் என்பதை ஆறாம் மாதத்திற்குள் முடிவு செய்து, பயணம் மேற்கொள்வதாயின் எட்டாம் மாதம் பிறக்குமுன் சென்று சேர்வது நன்று. குறித்த நாளுக்குச் சில வாரங்கள் முன்னரே வலி கண்டுவிடுவது அரிதன்று. கடைசி வாரங்களில் தொடர்வண்டியிலும் சரக்கு வண்டியிலும் ஊர் திரும்பும் பெண்கள், எந்த மருத்துவமனையின் பொறுப்பிலும் இல்லாத நிலையில் வழியிலேயே பிரசவிக்க நேரிடுகிறது. தொலைதூரக் குடியிருப்புகளில் வாழ்வோர் பிரசவ நாளுக்கு முன்னரே வந்து தங்குவதற்கென ஒடிசாவில் ‘மா கிருஹ’ என்ற பெயரிலும், மகாராஷ்டிரத்தில் ‘மாஹேர் கர்’ என்ற பெயரிலும் காத்திருப்பு இல்லங்கள் அமைக்கப்பட்டுள்ளன. மாஹேர் கர் என்பதற்குத் தாய்வீடு என்பதே பொருள்.

உரிமைகளும் உதவிகளும்

2011 ஜூன் முதல் நாள் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ், அரசு நிலையத்தில் பிரசவிக்கும் எந்தப் பெண்ணும் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். அறுவைச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, இரத்தம், தங்கியிருக்கும் நாட்களில் உணவு, வீட்டிலிருந்து வரவும், மேல்சிகிச்சைக்குச் செல்லவும், வீடு திரும்பவும் வாகனம் ஆகிய யாவும் இதில் அடங்கும். இவ்வுரிமைக்கு வறுமைக்கோட்டு அட்டை நிபந்தனையன்று.

2005 ஏப்ரலில் தொடங்கிய ஜனனி சுரக்ஷா திட்டம் ரொக்க உதவி அளிக்கிறது. மருத்துவ நிலையப் பிரசவம் குறைவாக இருந்த மாநிலங்களில் ஊரகத் தாய்க்கு 1,400 ரூபாயும் நகரத் தாய்க்கு 1,000 ரூபாயும் என்றும், ஏனைய மாநிலங்களில் 700, 600 ரூபாய் என்றும் தொகை வகுக்கப்பட்டது. பிந்திய மாநிலங்களில் வறியோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என்ற வரையறை உண்டு. மாநிலம் மாறியோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும்.

2016 முதல் ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி, நான்காம் மாதம் முதலான கருவுற்ற பெண்களை அரசு நிலையங்களில் மருத்துவர் பரிசோதிக்கும் ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. புதிதாக வந்த பெண் அவ்வூர் மருத்துவ அமைப்புடன் தொடர்பு கொள்ள இந்நாள் எளிய வாயிலாகும். அவசர வாகனத்திற்கு 108 என்ற எண்ணும், பல மாநிலங்களில் தாய் சேய்க்கென 102 என்ற எண்ணும் உள்ளன. பிரசவ அறையில் பெண் துணை ஒருவர் உடனிருக்க அரசு நிலையங்களில் 2016இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது. அவ்வூர் மொழியறிந்த பெண் ஒருத்தியைத் துணையாகக் கொள்வது, மொழி அறியாத தாய்க்குப் பேருதவியாக அமையும்.

பதிவும் ஆவணமும்

எந்த ஊருக்குச் சென்றாலும் கையோடு இருக்க வேண்டியது தாய்-சேய் பாதுகாப்பு அட்டை. இரத்த வகை, இரத்த அழுத்தம், ஊசி போட்ட விவரம், முந்தைய பிரசவ வரலாறு ஆகியவை அதில் இருப்பதால், பெண்ணின் மொழி புரியாத மருத்துவரும் அவளது நிலையை உடனே அறிய முடியும். புதிய ஊரை அடைந்தவுடன் ஆஷா பணியாளரிடமும் அங்கன்வாடியிலும் பெயரைப் பதிவு செய்தல் அடுத்த கடமை.

குழந்தையின் பிறப்பு, பெற்றோரின் சொந்த ஊரில் அன்றி, பிறந்த இடத்திலேயே பதிவு செய்யப்படும். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாட்களுக்குள் தகவல் தெரிவித்தல் வேண்டும். 2023 அக்டோபர் முதல் நாளுக்குப் பின் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை உள்ளிட்ட பலவற்றிற்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரமாகிவிட்டது. சூளையோ ஆலையோ பருவம் முடிந்து மூடப்படுமுன் சான்றிதழைப் பெற்றுச் செல்லாத குடும்பம், பின்னர் அதற்காகவே பல நூறு கிலோமீட்டர் திரும்பி வர நேரலாம்.

நிர்வாகத்தின் பொறுப்பு

2010ஆம் ஆண்டு தில்லி உயர் நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு இங்கு நினைவுகூரத்தக்கது. வறிய பெண்கள் இருவருக்கு மகப்பேற்று உதவிகள் மறுக்கப்பட்ட அவ்வழக்குகளில் ஒன்று, வீடற்ற பெண் ஒருத்தி மரத்தடியில் பிள்ளை பெற்றது பற்றியது. தாய்மை நலம் வாழ்வுரிமையின் பகுதியே என்றும், ஆவணங்களைக் காரணம் காட்டி வறியோருக்கு உதவி மறுக்கலாகாது என்றும், மாநில எல்லையைக் கடந்தாலும் பயன்கள் தொடர வேண்டும் என்றும் நீதிமன்றம் வலியுறுத்தியது.

இதனைச் செயற்படுத்துவது வட்டார அலுவலர்களின் கையில் உள்ளது. சூளைகள், கட்டட வளாகங்கள், கரும்பு வெட்டுவோர் குடில்கள் ஆகியவற்றின் பட்டியலைப் பருவத்தின் தொடக்கத்திலேயே தயாரித்தல், அங்குள்ள கருவுற்ற பெண்களைக் கணக்கெடுத்தல், புறப்படும் மாவட்டம் சேரும் மாவட்டத்திற்குத் தகவல் அளித்தல், நிலையங்களில் பல மொழிகளில் அறிவிப்பு வைத்தல் ஆகியவை பெருஞ்செலவு கோருவன அல்ல. ஆஷா பணியாளரின் பதிவேட்டில் நிலையான வீடுகளுக்கு மட்டும் எண் இருக்குமாயின், தற்காலிகக் குடிலில் வாழும் தாய் எந்தக் கணக்கிலும் வரமாட்டாள்.

பிரசவத்திற்குரிய இடம் என்பது மருத்துவ வசதி, தொலைவு, துணை, செலவு ஆகிய நான்கையும் சேர்த்து எண்ணிப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவாகும். அதனை எடுக்கும் உரிமை பெண்ணுக்கும் அவள் குடும்பத்திற்கும் உரியது. அதற்கு வேண்டிய செய்திகளை, அவள் எந்த ஊரினளாயினும், காலத்தே கொண்டு சேர்ப்பது அரசு ஊழியரின் கடமை.