சாணமும் கடனும்: நேபாளம் காட்டும் வழி

சாணத்தை எருவாக்குவதா, வரட்டி தட்டி எரிப்பதா என்பது குடியானவர் இல்லங்களில் பழைய கேள்வி. எருவாக்கினால் அடுப்புக்கு விறகு தேட வேண்டும். எரித்தால் வயல் மெலியும். சாண எரிவாயுக் கலம் இரண்டையும் ஒருங்கே தருகிறது. அதன் பயனை யாவரும் அறிவர். ஆனால் அதைக் கட்டும் மூலதனத்திற்கு ஏழைக் குடும்பம் எங்கே போகும்? இதற்கு நேபாள நாடு கண்ட விடையை இம்மாதம் நம் அங்கத்தினர் முன் வைக்க விரும்புகிறோம்.

அந்நாட்டில் முதற் கலத்தைக் கட்டியவர் சோபோல் என்னும் பாதிரியார்; ஆண்டு 1955; இடம் காட்மாண்டுப் பள்ளத்தாக்கிலுள்ள கோதாவரிப் பள்ளி. இருபது ஆண்டுகள் கழித்துச் சர்க்கார் வட்டியில்லாக் கடன் வழங்கியதன் பயனாகச் சுமார் 200 கலங்கள் எழுந்தன. 1977-இல் இதற்கென்றே ஒரு கம்பெனியும் தோன்றியது. எனினும் வளர்ச்சி மெதுவாகவே இருந்தது.

1992-இல் நெதர்லாந்து தேசத்தின் உதவியுடன் புதிய திட்டம் தொடங்கிற்று. பின்னர் ஜெர்மனியும் கைகொடுத்தது. இவ்வுதவியைப் பங்கிட்ட முறையே நாம் கவனிக்கத்தக்கது. கலத்தின் முழுச் செலவையும் எவருக்கும் இனாமாகக் கொடுக்கவில்லை. தொடக்கத்தில் சமவெளிக் குடும்பத்திற்கு 7,000 நேபாள ரூபாயும், சிமெண்டையும் கம்பியையும் சுமந்து செல்ல வேண்டிய மலைவாசிக்கு 10,000 ரூபாயும் மானியமாயின. கலம் பெரிதாயினும் சிறிதாயினும் தொகை ஒன்றே. ஆகவே, சிறு கலம் கட்டியவருக்கே அது பெருந்துணையாயிற்று. எஞ்சிய செலவைக் குடும்பத்தார் குழி வெட்டியும், கல்லும் மணலும் சேர்த்தும், வங்கிக் கடன் பெற்றும் ஈடு செய்தனர்.

கலம் கட்டி முடிந்த பின்னரே மானியம் கிடைத்தது. கட்டும் கம்பெனிகள் குறித்த அளவுப்படி வேலை செய்து, சில ஆண்டுகளுக்கு உத்தரவாதமும் அளிக்க வேண்டும். கலங்கள் சோதிக்கப்பட்டன, குறை கண்டால் கம்பெனிக்கு அபராதம். இக்கண்டிப்பினால் மக்களிடம் நம்பிக்கை பிறந்தது. 2010-ஆம் ஆண்டிற்குள் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கலங்கள் எழுந்தன.

4 கன மீட்டர் கலத்திற்கு நாள்தோறும் சுமார் 24 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். மண்ணுக்கடியில் காற்றுப் புகாத கூண்டில் அது புளித்து வாயுவாகிக் குழாய் வழியே அடுப்புக்குச் செல்கிறது. வெளிவரும் கசடு நல்ல எரு. கழிப்பிடத்தையும் இதனுடன் இணைக்கலாம். அவ்வாயுவில் சமைப்பதற்குத் தொடக்கத்தில் பலர் கூசினர். காலப்போக்கில் அத்தயக்கம் தளர்ந்தது. பெண்டிர் காட்டுக்குச் சென்று விறகு சுமப்பதும் புகையில் கண் கலங்குவதும் குறைந்தன.

புகையும் விறகும் குறைந்ததற்கு உலகச் சந்தையிலும் ஒரு விலை உண்டாயிற்று. கியோட்டோ உடன்படிக்கையின் கீழ் 2005-இல் நேபாளக் கலங்கள் பதிவு பெற்றன. குறைத்த கரியமில வாயுவின் அளவுக்கு உலக வங்கியின் நிதி வழியே பணம் வந்தது.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் தகாது. மாடு இல்லாதவனுக்குச் சாணம் ஏது? நிலம் இல்லாதவன் எதை ஈடு வைத்து வங்கிக் கடன் பெறுவான்? மானியத்தின் பெரும்பகுதி இரண்டு மூன்று மாடுகளும் சிறிது நிலமும் உடையவர்களையே அடைந்தது. கிராமக் கூட்டுறவுச் சங்கங்கள் பின்னாளில் கடன் வழங்க முன்வந்த பிறகே, வங்கியின் வாசலை மிதிக்காத குடும்பங்கள் சிலவற்றிற்கும் வழி பிறந்தது. அண்டை வீட்டாரின் நாணயத்தைச் சங்கம் அறியும்; வங்கியோ பத்திரத்தை மட்டுமே அறியும்.

இதில் நமக்கும் பாடமுண்டு. வெளியிலிருந்து வரும் உதவி விதையைப் போன்றது. அதை முளைக்கச் செய்வது பயனாளியின் பங்குப் பணமும், வேலையின் தரமும், தவணை தவறாமையுமே. எந்தத் திட்டம் நம் ஊருக்கு வரினும், மானியம் எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், மாடும் நிலமும் இல்லாத அங்கத்தினருக்கு அதில் இடம் எங்கே என்றும் நம் சங்கங்கள் கேட்கட்டும்.